பரஸ்தானம் போன பை

என் அண்ணன் மகள் ஹைஸ்கூலில் சேர்ந்தது 1969-ஆம் வருடம், ஜூன் மாதம், ஒரு புதன்கிழமை. அண்ணன் அதை 1970 என்று சொல்லுவார். மதினியைக் கேட்டால், "மழை பேயாத வருசம்" என்பார்; எங்கள் பக்கத்தில் அது எந்த வருடத்துக்கும் பொருந்தும். 1969 என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அவள் சேர்ந்த அடுத்த மாதம்தான் நிலாவில் மனிதன் இறங்கினான். காலைப் பிரார்த்தனையில் அந்தச் செய்தியை வாசித்தார்கள் என்று அவள் வீட்டுக்கு வந்து சொன்னாள். அப்போது அவள் ஒன்பதாம் வகுப்பு. ஆகவே 1969தான்.

தேதி விஷயத்தில் நான் இப்படிப் பிடிவாதம் பிடிப்பதை வீட்டில் எல்லோரும் கேலி செய்வார்கள். என் வேலை அப்படி. காரைக்குடியில் ஒரு கிளை நூலகத்தில் உதவியாளராக இருந்தேன். வெளியே போகும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தேதி முத்திரை குத்த வேண்டும். திரும்பி வந்தால் அந்தத் தேதியைச் சரிபார்க்க வேண்டும். அந்த வேலை போக மிச்ச நேரத்தில் அங்கிருந்த புத்தகங்களை அலமாரி அலமாரியாகப் படித்தேன். பயண நூல்கள், சரித்திரம், மொழிபெயர்ப்பு நாவல்கள், எதையும் விட்டதில்லை. நாள் குறிப்பிடாமல் எதையும் சொல்லக் கூடாது என்ற எண்ணம் அங்கேதான் எனக்கு வந்தது.

எங்கள் ஊர் அரியக்குடியை ஒட்டிய சின்ன ஊர். அன்றைக்கு ராமநாதபுரம் மாவட்டம். சிவகங்கை மாவட்டம் பிறக்க இன்னும் பல வருடங்கள் இருந்தன. அண்ணனுக்குக் கண்மாய்ப் பாசனத்தில் கொஞ்சம் வயல். அவர் ஐந்தாவது வரை படித்தவர். மதினி எழுத்துக் கூட்டிப் படிப்பார். எங்கள் வீட்டில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள் நான் ஒருத்திதான். அதுவும் காரைக்குடியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படித்ததால் முடிந்தது. ஊரிலிருந்து பஸ்ஸில் போய் ஹைஸ்கூல் படித்த பெண் எங்கள் தெருவில் அதுவரை கிடையாது.

ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிந்துவிடும். எட்டு முடித்த பெண்கள் வீட்டில் இருப்பார்கள். ஒரு வருடம் அப்படி இருந்துவிட்டால் அதற்குப் பிறகு யாரும் படிப்பைப் பற்றிப் பேச மாட்டார்கள்; கலியாணத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். மதினியின் பிறந்த வீட்டிலிருந்து அந்தப் பேச்சு ஏற்கெனவே வந்துவிட்டது. "இந்த வருசம் சேத்தாச் சேத்ததுதான். இல்லேன்னா எங்க அண்ணனுக்கு என்னால பதில் சொல்ல முடியாது" என்று மதினி சொல்லியிருந்தார். அவர் படிப்புக்கு எதிரி இல்லை. தன்னால் எத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடியும் என்று அவருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

மே மாதம் நானும் அண்ணனும் காரைக்குடி ஹைஸ்கூலுக்குப் போய்த் தலைமையாசிரியையைப் பார்த்தோம். அவர் பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரர். வெளிப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்பதாவதில் சேருகிறவர்களுக்கு இடம் குறைவு என்றார். அவளுடைய மார்க்கைப் பார்த்துவிட்டு, "பள்ளிக்கூடம் திறக்கிற அன்னைக்கு, பெத்தவங்க டி.சி.யோட வரணும். வரலைன்னா வரிசையில இருக்கற அடுத்த பிள்ளைக்கு அந்த இடத்தைக் குடுத்துருவேன்" என்றார். வீட்டுக்கு வரும் வழி முழுக்க அண்ணன், "பெத்தவுக, டி.சி., பெத்தவுக, டி.சி." என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

அந்தக் கோடையில் நூலக விடுமுறை நாளிலெல்லாம் ஊருக்குப் போனேன். மகளைத் தயார் செய்வதைவிடப் பெற்றவர்களைத் தயார் செய்வதுதான் பெரிய வேலையாக இருந்தது.

"ஹைஸ்கூல்ல ஒரே வாத்தியார் நாள் பூராவும் இருக்க மாட்டாரு மதினி. மணி அடிக்க அடிக்க வேற வேற டீச்சர் வருவாக. கணக்குக்கு ஒருத்தர், இங்கிலீசுக்கு ஒருத்தர், சரித்திரத்துக்கு ஒருத்தர்."

"ஆத்தீ! ஒரு வாத்தியாருக்குப் பயந்தே இவ எளச்சுப் போனா. ஆறு பேருக்குப் பயந்தா என்னத்துக்கு ஆவா?"

"ஒரு ஆளுக்குப் பயந்த பயத்தையே ஆறாப் பங்கு போட்டுக்கிறேன்மா" என்றாள் மகள்.

மதினியின் அடுத்த கவலை தாவணி. ஒன்பதாவதிலிருந்து நீலப் பாவாடை, வெள்ளைத் தாவணி. தாவணியோடு ஓடிப் போய் பஸ் ஏற முடியுமா? முடியுமா என்று பார்த்துவிட்டால் போகிறது என்று அண்ணன் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். "நான்தான் பஸ்சு. இந்தா கெளம்பிட்டேன். ஓடியா, பிடி பாப்பம்" என்று தொண்டைக்குள்ளேயே இன்ஜின் சத்தம் போட்டுக்கொண்டு ஓடினார். மகள் ஒரு கையில் தூக்குச்சட்டி, ஒரு கையில் பையோடு துரத்தினாள். அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் வேலியோரம் கூடிவிட்டார்கள்.

"ஏத்தா, பஸ்சுக்கு வேட்டி அவுருது, பாத்துப் பிடி!" என்று ஒருத்தி கத்தினாள்.

பஸ் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றது. மகள் தாவணி கலையாமல் ஏறிவிட்டாள், அதாவது அண்ணனின் தோளைத் தொட்டுவிட்டாள். மதினிக்கு அன்றைக்குத்தான் முகம் தெளிந்தது.

மே மாதக் கடைசியில்தான் சூலம் வந்து சேர்ந்தது. நாள்காட்டியில் பள்ளிக்கூடம் திறக்கும் நாளைப் பார்த்த அண்ணன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். புதன்கிழமை, வடக்கே சூலம். எங்கள் ஊருக்குக் காரைக்குடி வடக்கு. அந்தத் திக்கில் அன்றைக்குப் புதுக் காரியத்துக்குப் புறப்படக் கூடாது.

"பரிகாரமும் அதுலயே போட்டிருக்கேண்ணே. பால் குடிச்சிட்டுப் போகட்டும்" என்றேன்.

"பாலக் குடிச்சிட்டுப் போறது சந்தைக்குப் போறவனுக்கு. இது மூணு வருசப் பயணம். ஒரு டம்ளர் பாலு எம்புட்டுத் தூரம் தாங்கும்?"

ஊரின் வடகோடியில் ஒரு பெரிய செட்டியார் வீடு இருந்தது. இந்தத் தெருவில் தலைவாசல், அடுத்த தெருவில் பின்வாசல். அதில் ஆச்சி ஒருவர் மட்டும் இருந்தார். பிள்ளைகளெல்லாம் மெட்ராஸிலும் மலேயாவிலும். அவருடைய தென்னந்தோப்பை அண்ணன்தான் பார்த்துக்கொண்டார். தேங்காய் விஷயமாகப் போன இடத்தில் தன் மனக்குறையைச் சொல்லியிருக்கிறார். ஆச்சி சிரித்தாராம்.

"இதுக்கா முகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறே? எங்க அப்பச்சியெல்லாம் ரங்கூனுக்குப் போகையில கப்பல்காரன் நம்ம பஞ்சாங்கத்தப் பாத்தா கப்பல விட்டான்? அதுக்குத்தானப்பா பரஸ்தானம். நல்ல நாள்ல பெட்டியத் தூக்கிக்கிட்டுப் போயி, போற திக்குல இருக்கற வீட்டுல வச்சிருவாக. பெட்டி போனாப் பயணம் ஆரம்பிச்ச மாதிரி. அப்புறம் ஆளு எந்தக் கிழமை போனா என்ன? ஒம் பிள்ளை பையக் கொண்டாந்து இங்க வையி. என் வீடு ஒன் வீட்டுக்கு வடக்கதான இருக்கு?"

அண்ணன் தரையில் கால் படாமல் வீட்டுக்கு வந்தார். "ரங்கூன் போனவுக பெட்டிய வச்ச எடத்துலயே நம்ம பிள்ள பையையும் வைக்கச் சொல்லிட்டாக!"

நான் படித்த பயண நூல்களில் இப்படி ஒரு பயணத்தைப் பார்த்ததில்லை. பஸ் ஏறினால் அரை மணியில் போய்விடும் ஊருக்குக் கப்பல் பயணத்தின் சடங்கு. முதலில் சிரித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. கடல் கடந்து வட்டிக் கடை வைக்கப் போனவர்களின் பெட்டிகள் இருந்த அறையில், ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் எங்கள் வீட்டுப் பெண்ணின் பை. அண்ணன் அந்தப் பயணத்தைவிட இந்தப் பயணத்தைக் குறைவாக நினைக்கவில்லை. அதை நினைத்து எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை நல்ல நேரம் பார்த்துப் பையைக் கொண்டுபோய் வைத்தார்கள். நான் அன்றைக்குக் காரைக்குடியில் வேலையில் இருந்தேன். செவ்வாய்க்கிழமை மாலை, மறுநாளுக்கு லீவு சொல்லிவிட்டு ஊருக்குப் போனதும் முதலில் கேட்டது டி.சி.யைத்தான்.

"பத்திரமா இருக்கு. பையில வச்சு ஆச்சி வீட்டுல வச்சாச்சு" என்றார் அண்ணன்.

"டி.சி.யையுமா?"

"பின்ன? பேருக்கு ஒரு துணிய வச்சா பேருக்குத்தான் படிப்பு வரும். எது கூடப் போகப் போகுதோ அதத்தான வைக்கணும்? நோட்டு, பேனா, ஜாமெட்ரி பாக்ஸ், டி.சி. எல்லாம் இருக்கு. மேல மஞ்சளும் அரிசியும் போட்டு உங்க மதினிதான் கட்டுனா. வீட்டுல இருந்தா அவசரத்துல மறந்துருவோம்ல? நாளைக்குக் காலையில ஆச்சி வீட்டு வாசல் வழியாத்தான போறோம். பைய எடுத்துக்கிட்டு பஸ் ஏற வேண்டியதுதான். அந்த வீட்டவிடப் பத்திரமான எடம் இந்தச் சீமையில உண்டா?"

உண்மைதான். பர்மாத் தேக்கில் கதவு, இரும்புப் பட்டை அடித்த நிலை. அதைவிடப் பத்திரமான இடம் எனக்கும் தெரியாது.

புதன்கிழமை காலை பிள்ளையார் கோவிலில் தேங்காய் உடைத்துவிட்டு நால்வரும் புறப்பட்டோம். சூலத்துக்கென்று தனியாக ஒரு டம்ளர் பாலையும் மதினி மகளுக்குக் கொடுத்திருந்தார். ரெண்டும் இருக்கட்டும் என்று. ஆச்சி வீட்டு வாசலுக்கு வந்தோம். கதவில் பூட்டு தொங்கியது. தேங்காய் அளவுக்குப் பூட்டு.

எதிர்வீட்டுக்காரர் பல் விளக்கிக்கொண்டு நின்றார். "ஆச்சியா? நேத்துச் சாயங்காலமே வலையபட்டிக்குப் போயிட்டாகளே. அவுக அக்கா வீட்டுல கலியாணம். இன்னைக்கு மத்தியானம்தான் போறதா இருந்தாக. கார் முன்னாலயே வந்துருச்சு. கையோட கூட்டிக்கிட்டுப் போயிட்டாக."

"எப்ப வருவாக?"

"நாளைக்குக் கலியாணம். அப்பறம் மத்த முறையெல்லாம் இருக்குல்ல. சனி, ஞாயிறு ஆகும்."

அண்ணன் பூட்டைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார்.

"செவரேறிக் குதிச்சுருவமா?"

"குதிச்சு? உள்ள இன்னும் மூணு கதவு இருக்கு, ஒவ்வொண்ணுலயும் ஒரு பூட்டு" என்றார் எதிர்வீட்டுக்காரர், வாயில் நுரையோடு.

மதினி அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். "ஏங்க, ரங்கூன் போனவுகல்லாம் பெட்டிய எடுத்துட்டுத்தான கப்பல் ஏறியிருப்பாக? இல்ல, அவுகளும் நம்மளாட்டம் வாசல்ல நின்னு பூட்டப் பாத்துட்டுத்தான் போனாகளா?"

அண்ணன் பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இன்று சாயங்காலத்துக்குள் டி.சி. இல்லையென்றால் இடம் போய்விடும். இடம் போனால் ஒரு வருடம். எங்கள் தெருவில் ஒரு வருடம் என்றால் என்ன என்று நாங்கள் நால்வருமே அறிவோம்.

"பஸ் வந்துரும். போவம்மா" என்றாள் மகள். "டி.சி.தான உள்ள இருக்கு. நான் வெளியதான இருக்கேன்."

பஸ்ஸில்தான் முடிவு செய்தோம். அண்ணன் காரைக்குடியில் இறங்கி நேரே வலையபட்டிக்கு அடுத்த பஸ் பிடிப்பது. நாங்கள் மூவரும் பள்ளிக்கூடத்துக்குப் போய் அதுவரை இடத்தைப் பிடித்து வைப்பது.

"சின்னவ பேசட்டும்" என்றார் மதினி, என்னைக் காட்டி.

"அவ பிள்ளைக்கு அத்தைதான. பெத்தவுக வரணும்னு அந்தம்மா சொல்லியிருக்காக. நீதான் பேசணும்."

"நானா? நான் என்னத்தப் பேச? எனக்குச் சந்தையும் கோவிலும்தான் தெரியும் இந்தக் காரக்குடியில."

"சந்தையில பேசுவீல்ல, அது மாதிரிப் பேசு" என்று சொல்லிவிட்டு அண்ணன் இறங்கி ஓடினார்.

அவர் சொன்னது போலவே ஆயிற்று. வாசலில் இருந்த பியூன், தாயையும் மகளையும் மட்டும்தான் உள்ளே விட்டார். நான் வராந்தாவில், திறந்திருந்த ஜன்னல் ஓரமாக நின்றேன். அங்கே பெஞ்சில் ஒருவர் தன் மகளோடு உட்கார்ந்திருந்தார். கையில் டி.சி. அவள்தான் வரிசையில் இருந்த அடுத்த பிள்ளை.

"டி.சி. கொண்டு வந்திருக்கீங்களா?" தலைமையாசிரியையின் குரல்.

"இருக்குது டீச்சர். ஆனா இங்க வரல." மதினியின் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"எங்க இருக்கு?"

"பரஸ்தானம் போயிருக்கு."

"யாரு போயிருக்கா?"

"டி.சி.தான்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த அம்மாவின் ஊர்ப் பக்கம் அந்த வழக்கம் இல்லைபோலும். மதினி சூலத்திலிருந்து ஆரம்பித்து, ரங்கூன், கப்பல், பூட்டு, வலையபட்டிக் கலியாணம் வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் ஏறிக்கொண்டே வந்தது.

"உங்க வழக்கத்தை நான் தப்புச் சொல்லலம்மா. ஆனா டி.சி. இல்லாம என்னால பேரு எழுத முடியாது. வெளிய ஒருத்தர் டி.சி.யோட காத்துக்கிட்டு இருக்காரு. சாயங்காலம் கடைசி மணி அடிக்கற வரைக்கும் உங்களுக்காகப் பொறுக்கறேன். அதுக்கு மேல கேக்கக் கூடாது."

இவ்வளவு கிடைத்ததே பெரிது என்று நான் நினைத்தேன். நானாக இருந்தால் ரெண்டு கையாலும் கும்பிட்டுவிட்டு வெளியே வந்திருப்பேன். மதினி வரவில்லை.

"அதுவரைக்கும் பிள்ள எங்க இருக்கட்டும் டீச்சர்?"

"வெளிய உங்க கூட உக்காந்திருக்கட்டும்."

"வெளிய உக்காந்தா மொத நாப் பாடம் போயிருமே. டி.சி. வந்துருச்சுன்னு வைங்க, இவ இன்னைக்குக் காலையில இருந்தே உங்க பிள்ளதான? வரலைன்னா நாலு பாடத்தக் கேட்டுட்டுப் போகப் போறா. கேட்டத நாங்க திருப்பிக் குடுக்க முடியாதுதான். ஆனா அதுல உங்களுக்கு என்ன கொறஞ்சிரும்?"

அந்த அம்மா சிரித்துவிட்டார். "நீ சொல்லும்மா, வெறுங்கையோட கிளாஸ்ல உக்காந்து என்ன பண்ணுவ?" என்று மகளைக் கேட்டார்.

"நல்லாக் கேட்டுக்குவேன் டீச்சர். வீட்டுல போயி எழுதுவேன்."

மேஜை இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. தாளும் பென்சிலும் கொடுத்திருக்கிறார். பியூன் அவளை மாடிக்குக் கூட்டிப் போனார். போகும்போது அவள் என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. பென்சிலைப் பிடித்திருந்த பிடியிலேயே அவள் கவனம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தது.

வாதாடும் பெண்களைப் பற்றி எத்தனையோ படித்திருக்கிறேன். அவர்களெல்லாம் ராஜசபையில், நீதிமன்றத்தில் பேசினார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற என் மதினி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் அப்படிப் பேசினார். அந்தக் கோடை முழுக்க நான் சொல்லிக்கொடுத்த எதிலும் அந்தப் பேச்சு இல்லை.

வெளியே வந்த மதினி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். கை நடுங்கியது. "தண்ணி இருக்காத்தா?" என்று கேட்டார்.

பள்ளிக்கூட வேப்ப மரத்தடியில் காத்திருந்தோம். பெஞ்சிலிருந்தவரும் மகளோடு அங்கேயே வந்துவிட்டார். கண்டனூர்ப் பக்கம் மளிகைக் கடை வைத்திருப்பதாகச் சொன்னார். நல்ல மனிதர், ஆனால் ஒளிக்கத் தெரியாதவர்.

"உங்க வீட்டுக்காரரு வந்து சேரணும்னு நான் சாமி கும்பிட முடியாதும்மா. கோவிச்சுக்காதீக."

"நீங்க கும்பிட வேணாம். அவரு வரக் கூடாதுன்னு கும்பிடாம இருந்தாச் சரி" என்றார் மதினி.

"அதுவும் கொஞ்சம் செரமந்தான்" என்றார் அவர்.

ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் மதினி என்னைப் பார்ப்பார். "இப்பக் கணக்கு டீச்சர் போயி இங்கிலீசு டீச்சர் வருவாக" என்று சொல்லுவேன். அவர் மாடி ஜன்னலைப் பார்ப்பார். மத்தியானம் மகள் இறங்கி வந்தாள். தாளின் இரண்டு பக்கமும் எழுதி, ஓரத்திலும் எழுதியிருந்தாள். தூக்குச்சட்டியில் இருந்த புளிச்சோற்றை மதினி நான்காகப் பங்கு போட்டார். ஒரு பங்கு கடைக்காரர் மகளுக்கு. அந்தப் பெண் வாங்க மாட்டேன் என்று தன் தகப்பனைப் பார்த்தாள். "சாப்பிடு தாயி. சோத்துக்கும் எடத்துக்கும் சம்பந்தமில்ல" என்றார் மதினி. பிறகு மகளிடம் மட்டும், "டவுன் பிள்ளைக என்ன கொண்டாந்திருக்குக?" என்று மெதுவாகக் கேட்டார். "புளிச்சோறுதாம்மா" என்று பதில் வந்ததும் அவருக்கு ஒரு பெரிய பாரம் இறங்கியது.

மூன்று மணிக்கு மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. கடைசி வகுப்புக்கான மணியும் அடித்துவிட்டது. கடைக்காரர் எழுந்து வேட்டியைத் தட்டிக் கட்டிக்கொண்டார். மதினி மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு கறுப்புப் பிளஷர் கார் வந்து வாசலில் நின்றது. கார் முழுக்க மாவிலையும் பூச்சரமும். மாப்பிள்ளை அழைப்புக்காகச் சோடித்த கார். அதிலிருந்து அண்ணன் குதித்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. பையைக் கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்திருந்தார். அவருக்குப் பின்னால், கல்யாணப் பட்டோடு, இடுப்பில் சாவிக்கொத்தோடு ஆச்சி இறங்கினார்.

சாவியை யாரிடமும் கொடுத்தனுப்புகிற வழக்கம் அவருக்கு இல்லை. அதனால் அக்கா வீட்டுக் கலியாண வேலையை அப்படியே போட்டுவிட்டு, வலையபட்டியிலிருந்து ஊருக்கு வந்து, நாலு பூட்டையும் தன் கையால் திறந்து, பையை எடுத்துக்கொடுத்து, கூடவே வந்துவிட்டார்.

"கலியாணத்த விட்டுட்டு வந்துட்டீகளே ஆச்சி" என்றார் மதினி, கண்ணீரோடு.

"முகூர்த்தம் நாளைக்குத்தானே ஆத்தா. எங்க வீட்டுல வச்ச பரஸ்தானம் ஒண்ணுகூடப் போகாம நின்னதில்ல. இத மட்டும் நிக்க விடுவனா? பேசிக்கிட்டு நிக்காதீக, உள்ள போங்க."

இந்த முறை பியூன் யாரையும் தடுக்கவில்லை. காரைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்றுவிட்டார். தலைமையாசிரியையின் மேஜைமேல் அண்ணன் பையை வைத்துப் பிரித்தார். அரிசியும் மஞ்சள் துண்டும் மேஜை முழுக்க உருண்டன. நடுவிலிருந்து டி.சி. வந்தது. ஒரு மூலை முழுக்க மஞ்சள். அந்த அம்மா அரிசியை விரலால் தள்ளிவிட்டு, எழுத்தெல்லாம் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு பதிவேட்டை எடுத்துப் பெயரை எழுதினார். அவர் எழுதி முடித்துப் பேனாவை மூடியபோதுதான் கடைசி மணி அடித்தது.

"அடுத்த தடவையாவது டி.சி.யைக் கையில வச்சுக்கங்கம்மா" என்றார்.

"அடுத்தது இவ காலேசுக்குப் போகையிலதான் டீச்சர். அதுக்கு இன்னும் மூணு வருசம் கெடக்கு" என்றார் மதினி.

அண்ணன் திரும்பி மதினியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். காலேஜ் என்ற வார்த்தை எங்கள் வீட்டில் அதுவரை யார் வாயிலிருந்தும் வந்ததில்லை. படித்தவள் என்று பெயரெடுத்த நான்கூட அதைச் சொல்லத் துணிந்ததில்லை. மதினி அதை, நாளைக்குக் கறிகாய் வாங்க வேண்டும் என்பது போலச் சொல்லிவிட்டு, மேஜையில் கிடந்த அரிசியைக் கையால் கூட்டி முந்தானையில் போட்டுக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் மகளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். வேறொரு பெண் குடும்பத்தோடு திருச்சிக்குப் போய்விட்டதால் அந்த வாரமே அவளுக்கும் இடம் கிடைத்தது. மூன்று வருடமும் எங்கள் பெண்ணின் பெஞ்சில்தான் உட்கார்ந்தாள்.

அன்று மாலை காரில் வரச் சொல்லி ஆச்சி கூப்பிட்டபோது மகள் மறுத்துவிட்டாள். "பஸ்ல வாரேன் ஆச்சி. ரெண்டு பிள்ளைக அரியக்குடி வரைக்கும் வருதுக. சேந்து வாரோம்னு சொல்லிட்டேன்." அவள் சாலையைக் கடந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். நாங்கள் மூன்று பேரும் பூச்சரம் கட்டிய காரில், மடியில் பையை வைத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தோம். தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. "படிக்கப் போனது மகளா, இல்ல நீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். அண்ணனுக்கு அந்தக் கேலியே பிடித்திருந்தது; ரெண்டு தரம் சொல்ல வைத்துக் கேட்டார்.

1972 மார்ச்சில் அவள் எஸ்.எஸ்.எல்.சி. எழுதினாள். அதே வருடம் பி.யூ.சி. சேர்ந்தாள். சேர்ந்த அன்றைக்குக் கதை எதுவும் நடக்கவில்லை.

ஆனால் நான் இங்கே எழுதி வைக்க நினைத்தது 1970 மே மாதத்தை. அந்த வருடம் எங்கள் தெருவில் இன்னும் இரண்டு பெண்கள் எட்டாவது முடித்தார்கள். இரண்டு பேரையும் ஹைஸ்கூலுக்கு அனுப்புவதென்று அவர்கள் வீட்டில் முடிவாயிற்று. ஒரு விடுமுறை நாளில் நான் ஊருக்குப் போயிருந்தேன். அந்தப் பெண்களின் தாய்மார் யோசனை கேட்க வந்தார்கள். எழுந்து பாயை விரித்தேன். அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அடுப்படியில் இருந்த மதினியிடம் போய்விட்டார்கள்.

நான் கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மணி அடித்தால் டீச்சர் மாறுவது, புளிச்சோறு போதும் என்பது, தாவணியோடு ஓடிப் பழக்குவது, எல்லாவற்றையும் மதினி சொன்னார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து அவ்வப்போது திருத்தினாள்.

"பரஸ்தானம் வைக்கலாமாக்கா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"தாராளமா வையி. ஒரு சட்டைய வையி. டி.சி. ஒன் இடுப்புல இருக்கட்டும்."

இன்னொருத்திக்கு வேறு பயம். "பெரிய டீச்சர் முன்னால நான் எப்பிடிக்கா பேசுவேன்? இப்ப நெனச்சாலே கையி காலெல்லாம் நடுங்குது."

மதினி அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு அவள் பக்கம் திரும்புவது எனக்குத் தெரிந்தது.

"நடுங்கத்தான் செய்யும். எனக்கும் நடுங்குச்சு. அவுக ஒண்ணு சொன்னா, 'சரி'ன்னுட்டு ஒடனே எந்திரிச்சு வந்துராத. கொஞ்சம் நில்லு. அம்புட்டுத்தான்."